பட்டாளத்தில் இடம், பட்டியலில் பெயர்

குளுவாங்கில் சாலையோரக் கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் பச்சை லோரி ஒன்றாவது கடந்து போகும்; தலைக்கு மேலே ஹெலிகாப்டர் சத்தம் கேட்கும். தரைப்படையின் வான்பிரிவு இங்கே கெம் மகோத்தாவில்தான் இருக்கிறது. அந்தச் சத்தத்தோடு வளர்ந்த பையன் ஒருவன், எஸ்.பி.எம். முடித்தவன், எதிரே உட்கார்ந்து தே ஓ குடித்துக்கொண்டே கேட்டான்: "அங்கிள், ஆர்மிக்கு மனு போடலாம்னு இருக்கேன். பெரியப்பா வேணாங்கிறாரு. நம்மள எடுக்கவே மாட்டாங்களாம், சட்டத்துலயே எழுதி வச்சிருக்காம். உண்மையா?"

அவன் பெரியப்பா சொன்னதில் கால்வாசி உண்மை இருக்கிறது. அந்தக் கால்வாசி எது என்று யாரும் பிரித்துச் சொல்லாததால்தான் முக்கால்வாசி வதந்தியும் சேர்ந்து வீடு வீடாகப் போகிறது. ஆகவே முதலில் சட்டத்தைப் பார்த்துவிடலாம், தம்பி.

மலேசிய அரசமைப்பின் 8-ஆம் பிரிவுதான் சமத்துவத்தைப் பேசுவது. சமயம், இனம், வம்சாவளி, பிறந்த இடம், பால் ஆகியவற்றை மட்டும் காரணம் காட்டிக் குடிமக்களிடையே பாகுபாடு காட்டக்கூடாது என்று அதன் இரண்டாம் உட்பிரிவு சொல்கிறது. ஐந்தாம் உட்பிரிவில் சில விலக்குகள் வரிசையாக வருகின்றன. அதில் ஒன்று, மலாய் ரெஜிமென்ட்டில் மலாய்க்காரர்களை மட்டும் சேர்க்கும் விதி செல்லும் என்கிறது. விலக்கு அவ்வளவுதான், ஒரே ஒரு படைப்பிரிவுக்கு மட்டும். ரெஞ்சர், கவசப்படை, பீரங்கிப்படை, பொறியாளர் படை, சமிக்ஞைப் படை, கடற்படை, விமானப்படை எதுவும் அந்த வரியில் இல்லை. 136-ஆம் பிரிவு இன்னும் ஒரு படி போய், ஒரே தரத்தில் பணியாற்றும் கூட்டரசு ஊழியர்களை எந்த இனமானாலும் பாரபட்சமின்றி நடத்த வேண்டும் என்கிறது. ஆயுதப்படையும் அந்தப் பொதுச்சேவையில் அடக்கம். "நம்மள எடுக்க மாட்டாங்க" என்று சட்டத்தில் எங்கும் இல்லை.

"அப்ப அந்த ஒரு ரெஜிமென்ட் மட்டும் ஏன்?" என்று அடுத்த கேள்வி வந்தது. வரவேண்டிய கேள்விதான். இதற்குக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

முதல் உலகப்போர்வரை இந்த மண்ணில் உள்நாட்டுப் படை என்றால் மலாய் ஸ்டேட்ஸ் கைட்ஸ். அதில் பெரும்பாலும் சீக்கியரும் பட்டாணியரும்தான். 1919-ல் அது கலைக்கப்பட்டது. பிரிட்டிஷ்காரர் கணக்கில் உலகத்து மனிதர்கள் இரண்டு வகை: சண்டைக்குப் பிறந்தவர்கள், பிறக்காதவர்கள். மலாய்க்காரர் இரண்டாவது பெட்டியில். மலாய் ஆட்சியாளர்கள் பல ஆண்டுகள் வற்புறுத்திய பிறகுதான், அதுவும் பரீட்சார்த்தமாக, 1933 மார்ச் 1-ஆம் தேதி போர்ட்டிக்சனில் 25 பேரோடு ஒரு கம்பெனி தொடங்கியது. 'சோதனைக் கம்பெனி' என்றே அதற்குப் பெயர். சொந்த மண்ணின் பிள்ளைகள் துப்பாக்கி பிடிக்க லாயக்கா என்று சோதித்துப் பார்த்தார்களாம்! ஒன்பது ஆண்டு கழித்து, 1942 பிப்ரவரியில், சிங்கப்பூரின் பாசிர் பாஞ்சாங்கில் லெப்டினன்ட் அட்னான் சைடியும் அவருடைய ஆட்களும் கடைசிவரை நின்று அதற்குப் பதில் சொன்னார்கள்.

தமிழனும் அதே இரண்டாவது பெட்டியில்தான் இருந்தான் என்பதை நம்மில் பலர் கவனிப்பதில்லை. கிளைவ் காலத்திலிருந்து கும்பினிக்காகச் சண்டை போட்ட மெட்ராஸ் காலாட்படையை, 'போர்க்குணம் இல்லாத இனம்' என்று முத்திரை குத்தி 1920-களில் கலைத்தார்கள். இரண்டாம் உலகப்போரில் ஆள் பற்றாக்குறை வந்ததும் அந்தத் தத்துவம் மறந்துபோய், மெட்ராஸ் ரெஜிமென்ட் திரும்ப முளைத்தது. ஆகவே மலாய் ரெஜிமென்ட்டைப் பார்த்து நமக்குப் பொறாமை வேண்டியதில்லை என்பது என் கருத்து. அது பிறந்ததே ஓர் உரிமைக் கோரிக்கையால். தங்களுக்கு இல்லை என்று சொல்லப்பட்ட இடத்தை அவர்கள் கேட்டு வாங்கினார்கள். நாம் கேட்க வேண்டியது வேறு: அதற்கு வெளியே எல்லாருக்கும் என்று திறக்கப்பட்ட கதவுகள் என்ன ஆயின?

அப்படி ஒரு கதவு 1952 செப்டம்பரில் திறந்தது. அவசரகாலம் உச்சத்தில் இருந்த ஆண்டு. ஜெனரல் டெம்ப்ளர் ஹைகமிஷனராக வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. எல்லா இனத்தவரும் சேரலாம் என்று 'ஃபெடரேஷன் ரெஜிமென்ட்' என்ற காலாட்படை அப்போது உருவானது. சுதந்திரம் தரப்போகும் நாட்டுக்கு எல்லா முகங்களும் உள்ள படை வேண்டும் என்ற யோசனை அது. சீன இளைஞர்கள் எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை. நல்ல குடும்பத்துப் பையன் சிப்பாய் ஆகமாட்டான் என்ற பழைய எண்ணம் ஒரு பக்கம், சம்பளக் கணக்கு மறுபக்கம், காட்டுக்குள் இருப்பவர்களின் பழிவாங்கலுக்குப் பயம் இன்னொரு பக்கம். இந்தியர்கள் வந்தார்கள். ஆனால் 1960-ல் அந்த ரெஜிமென்ட் உளவுக் கவசப் பிரிவோடு இணைக்கப்பட்டு, இன்றைய அரச கவசப்படைக்கு வேராகிவிட்டது. மலாயாவின் அந்தப் பல்லினக் காலாட்படையின் பெயர் எட்டே ஆண்டுகளில் கொடியிலிருந்து இறங்கியது. எத்தனை பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் தெரியும்?

ரெஞ்சர் படையின் கதை கொஞ்சம் பரவாயில்லை. சரவாக் ரேஞ்சர்களிலிருந்து 1963-ல் மலேசியாவுக்கு வந்து விரிந்த படை அது. எல்லா இனத்தவருக்கும் இடம் உண்டு. இபான் இனத்தவரான கானாங் அனாக் லாங்காவ் அதில் சாதாரணச் சிப்பாயாக ஏறியவர். செரி பஹ்லாவான் ககா பெர்காசா, பிங்காட் ககா பெராணி ஆகிய இரண்டு உயரிய வீர விருதுகளையும் பெற்றார். சரவாக்கில் அவர் பெயர் சொன்னால் பிள்ளைகளுக்குத் தெரியும். அவர்கள் சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள்.

நம் பக்கத்துப் பெயர் ஒன்று சொல்லட்டுமா என்று கேட்டேன். பையனுக்குத் தெரியவில்லை. பக்கத்து மேசையிலிருந்த நாற்பது வயதுக்காரருக்கும் தெரியவில்லை.

ரியர் அட்மிரல் கே. தனபாலசிங்கம். மலேசியக் கடற்படையின் முதல் மலேசியத் தளபதி. கோலாலம்பூர் விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் மாணவர். இங்கிலாந்தின் டார்ட்மத் கடற்படைக் கல்லூரியில் பயின்றவர். அவருக்கு முன்பு அந்த நாற்காலியில் ஆஸ்திரேலியக் கடற்படையிலிருந்து இரவல் வாங்கிய அதிகாரிகள் இருந்தார்கள். 1967 டிசம்பரில் அவர் பொறுப்பேற்றபோது வயது 31. நாட்டுக்கு அப்போது பத்து வயது. 1976 வரை ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் அவர்தான் தலைவர். அந்தக் காலத்தில் கடற்படையின் முக்கியத் தளம் உட்லண்ட்ஸில் இருந்தது. ஜொகூர் பாரு கடற்கரையில் நின்று எதிரே பார்த்தால் தெரியும் தூரம்; சிங்கப்பூர் பிரிந்து போன பிறகும் மலேசியக் கொடியோடு பல ஆண்டு அங்கே நீடித்த தளம். அதாவது, பாலத்துக்கு இந்தப்பக்கம் தோட்டத்தில் நம் ஆட்கள் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அந்தப்பக்கம் இந்த நாட்டின் போர்க்கப்பல்கள் ஒரு தமிழரின் உத்தரவில் நகர்ந்தன. சினிமா நடிகரின் பிறந்தநாளுக்குத் தோரணம் கட்டும் நமக்கு இந்தப் பெயர் தெரியாமல் போனதற்கு அரசாங்கத்தை மட்டும் குறை சொல்ல முடியாது.

இனி கொஞ்சம் சிக்கலான பகுதிக்கு வருகிறேன். டீயை ஆறவிடாதே.

ஜப்பான்காரன் வருவதற்கு முன்பு மலாயாவுக்கு வந்திறங்கிய இந்தியப் பட்டாளத்தில், லண்டன் அரசர் பெயரால் கமிஷன் பெற்ற இந்திய அதிகாரிகளும் இருந்தார்கள். ஒரே மெஸ், ஒரே போர்க்களம், ஒரே ஆபத்து. ஆனால் இங்குள்ள ஐரோப்பியர் கிளப்புகளில் அவர்களுக்கு அனுமதி இல்லை. அதே படையின் வெள்ளைக்கார அதிகாரி உள்ளே போவார், இவர் வாசலில் நிற்பார். 1940-ல் சிங்கப்பூரில் 19-ஆம் ஹைதராபாத் ரெஜிமென்ட்டின் நான்காம் பட்டாலியனில், இந்திய அதிகாரி ஒருவரைத் திருப்பி அனுப்ப உத்தரவு வந்ததும் சிப்பாய்கள் பணிய மறுத்தார்கள். பின்னாளில் இந்தியத் தரைப்படைத் தளபதியான குடகுக்காரர் திம்மையா அப்போது அதே பட்டாலியனில் அதிகாரி. 1941 டிசம்பரில் கெடாவில் பிடிபட்ட கேப்டன் மோகன் சிங், இந்திய தேசிய ராணுவத்துக்கு ஆள் சேர்க்கத் தொடங்கியபோது பலர் ஏன் செவிகொடுத்தார்கள் என்பதற்கு இந்த அவமானங்களும் ஒரு காரணம். முகாமில் பசியும் பயமும் இருந்தன, உண்மைதான். ஆனாலும் மனிதன் சம்பளக் குறைவை மறப்பான், வாசலில் நிறுத்தியதை மறக்கமாட்டான்.

அந்த ராணுவத்துக்குள் இன்னொரு புரட்சி நடந்தது. 1943 அக்டோபரில் சிங்கப்பூரில் ஜான்சி ராணி படையின் முகாம் திறந்தது. தலைவி டாக்டர் லட்சுமி சுவாமிநாதன், மெட்ராஸ்காரர். சேர்ந்தவர்களில் பெரும்பகுதி மலாயாவின் தமிழ்ப் பெண்கள். அவர்களில் பலர் தோட்டத்துப் பிள்ளைகள். துரை வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கவேண்டும் என்றிருந்த லயத்திலிருந்து வந்த பெண் காக்கி கால்சட்டை போட்டு, ரைபிளைப் பிரித்துப் பூட்டக் கற்று, சாதி கேட்காத பொதுச் சமையலில் உட்கார்ந்து சாப்பிட்டாள். இதை மிகைப்படுத்தவும் வேண்டாம். அந்தப் படைக்கு இடம் கொடுத்தது ஜப்பான்; அதே ஜப்பான் அதே தோட்டங்களிலிருந்து ஆண்களை லோரியில் ஏற்றிச் சயாம் ரயில்பாதைக்கு அனுப்பிக் கொன்றது. ஜான்சி ராணியைப் பற்றி மேடையில் உணர்ச்சிகரமாகப் பேசுபவர்கள் இரண்டாவதைச் சேர்த்துச் சொல்வது அபூர்வம்.

இந்தப் பெண்கள் போருக்குப் பிறகு என்ன செய்தார்கள் என்பது நம் விழாக்களில் வருவதே இல்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. ஈப்போவில் பிறந்த ராசம்மா பதினாறு வயதில் படையில் சேர்ந்து பர்மா போனவர். திரும்பி வந்து படித்து ஆசிரியை ஆனார். அந்த நாளில் ஒரே வகுப்புக்கு ஒரே பாடம் நடத்தினாலும் ஆசிரியைக்கு ஆசிரியரைவிடக் குறைந்த சம்பளம். 1960-ல் பெண் ஆசிரியர் சங்கத்தை உருவாக்கி, அதன் முதல் தலைவியாகச் சம ஊதியத்துக்குப் போராடினார் ராசம்மா பூபாலன். படையில் அவரோடு இருந்த ஜானகி தேவர் 1946-ல் ம.இ.கா. தொடங்கியபோது முன்னின்றவர்களில் ஒருவர். பிறகு மேலவை உறுப்பினரானார். ஜானகி ஆதி நாகப்பன் என்ற பெயரில் 2000-ல் இந்தியாவின் பத்மஸ்ரீ பெற்றார். நம் அரசமைப்பின் 8-ஆம் பிரிவில் 'பால்' என்ற சொல்லைச் சேர்த்தது 2001-ல். ராசம்மா சங்கம் தொடங்கி நாற்பத்தொரு ஆண்டு கழித்து. ராணுவச் சீருடையும் குடியுரிமைப் போராட்டமும் ஒரே ஆளின் வாழ்க்கையில் இப்படிச் சேர்ந்து வந்த வரலாறு நம்மிடம் இருக்கிறது.

"வேற நாட்டுல எல்லாம் எப்படி அங்கிள் செஞ்சாங்க?" என்றான்.

அமெரிக்காவில் கறுப்பினத்தவருக்குத் தனிப் படைப்பிரிவு, தனி முகாம் என்றிருந்தது. 1948 ஜூலை 26-ல் அதிபர் ட்ரூமன் 9981-ஆம் எண் உத்தரவில் ஆயுதப்படையில் இனம் பாராமல் சம நடத்தை என்று எழுதிக் கையெழுத்திட்டார். மறுநாளே எல்லாம் மாறிவிடவில்லை. ஜெனரல்கள் இழுத்தடித்தார்கள். கொரியப் போரில் வெள்ளைப் படைகளில் ஆள் குறைந்தபோதுதான் கலப்பு வேகம் பிடித்தது. கடைசித் தனிப்பிரிவு கலைந்தது 1954-ல். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது போர்ட் சிக்காகோ. கலிபோர்னியாவில் 1944 ஜூலை 17-ல் வெடிமருந்து ஏற்றிக்கொண்டிருந்த துறைமுகம் வெடித்து 320 பேர் செத்தார்கள். மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவாகக் கறுப்பின மாலுமிகள். சில வாரத்தில் அதே ஆபத்தான வேலையை, அதே முறையில், திரும்பவும் செய்யச் சொன்னபோது பிழைத்தவர்கள் மறுத்தார்கள். ஐம்பது பேர்மேல் கலகக் குற்றம் சுமத்திச் சிறைக்கு அனுப்பினார்கள். வேலை மறுத்ததற்காக மற்றவர்களுக்கும் தண்டனை. சரியாக எண்பது ஆண்டு கழித்து, 2024 ஜூலை 17-ல், அந்த 256 பேரும் குற்றமற்றவர்கள் என்று அமெரிக்கக் கடற்படை அறிவித்தது. அவர்களில் யாரும் அப்போது உயிரோடு இல்லை. ஆனாலும் ஏட்டில் பெயர் திருத்தப்பட்டது. படைக்குள் உரிமை வரலாற்றை நினைவுகூர்வது என்றால் நான் புரிந்துகொள்வது இதைத்தான்: அணிவகுப்பும் பேண்டு வாத்தியமும் இருக்கட்டும், பதிவேடு திருந்த வேண்டும்.

அவ்வளவு தூரம் போகாமல் பாலத்தைத் தாண்டியும் பார்க்கலாம். சிங்கப்பூரில் நிலைமை தலைகீழ். 1967-ல் தேசிய சேவை தொடங்கிய பிறகு வெகுகாலம் மலாய் இளைஞர்களில் பெரும்பாலோரை அழைக்கவில்லை. சில பொறுப்புகளில் மலாய்க்காரரை வைக்கத் தயங்குவதை 1987-ல் லீ சியன் லூங் வெளிப்படையாகவே பேசினார்; இங்கே அதற்குக் கோபம் கிளம்பியது. அங்கே முதல் மலாய் ஜெனரல் வந்தது 2009-ல். பாலத்தின் எந்தப் பக்கம் நின்றாலும் சிறுபான்மைப் பையனின் அப்பா ஏறத்தாழ ஒரே வாக்கியத்தைத்தான் சொல்லியிருப்பார்.

நினைவுச் சின்னங்களுக்கு வருவோம். நம் ஜொகூரிலேயே பாரிட் சூலோங் இருக்கிறது. பத்து பகாட்டுக்கும் யோங் பெங்குக்கும் போகிறவர்கள் அந்தப் பாலத்தைக் கவனிக்காமல் தாண்டிவிடுவார்கள். 1942 ஜனவரியில் மூவார், பக்ரி சண்டைகளில் 45-ஆம் இந்தியப் பிரிகேட் சிதறியது. ஆஸ்திரேலியரும் இந்தியரும் சேர்ந்து பின்வாங்கி அந்தப் பாலம்வரை வந்தார்கள். பாலம் ஜப்பானியர் கையில். நடக்க முடிந்தவர்கள் காட்டு வழியே தப்பினார்கள். காயம்பட்டவர்களை விட்டுவிட்டுப் போகவேண்டியதாயிற்று. அப்படி விடப்பட்ட ஏறத்தாழ 110 ஆஸ்திரேலியரையும் 40 இந்தியரையும் ஜப்பானிய இம்பீரியல் கார்ட்ஸ் படையினர் கொன்றார்கள். அதற்காக ஜெனரல் நிஷிமுராவை ஆஸ்திரேலியர்கள் விசாரித்து 1951-ல் தூக்கிலிட்டார்கள். ஆஸ்திரேலியர்கள் அந்த இடத்தைத் தேடி வருகிறார்கள்; அவர்கள் பள்ளிப் புத்தகத்தில், குடும்பக் கதையில் அது இருக்கிறது. அந்த நாற்பது பேரைத் தேடி யார் வருகிறார்கள்?

பெயர் பொறிப்பதிலும் ஏற்றத்தாழ்வு உண்டு. முதல் உலகப்போரில் இறந்த ஆசிய, ஆப்பிரிக்கச் சிப்பாய்களில் 45,000 முதல் 54,000 பேர்வரை வெள்ளையருக்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை என்று காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே 2021-ல் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. சிலருக்குத் தனிக்கல் கிடையாது, மொத்தமாக ஓர் எண்தான். குறைந்தது 1,16,000 பேருக்குப் பெயரே எங்கும் இல்லை. இரண்டாம் போரில் இது ஓரளவு திருந்தியிருந்தது. அதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியைத் தாண்டிச் சில நிமிடம், கிராஞ்சி. அங்கே சமாதி தெரியாத 24,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் தூண் தூணாக, படைப்பிரிவு வாரியாக வெட்டப்பட்டிருக்கின்றன. பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, இந்தியப் பெயர்கள் ஒரே கல்லில், ஒரே அளவு எழுத்தில். தங்கள் சமய வழக்கப்படி எரியூட்டப்பட்ட கிட்டத்தட்ட 800 பேருக்குத் தனியாக ஒரு நினைவிடமும் உண்டு. பெரும்பாலும் இந்தியப் படையினர். வேலைக்காகத் தினமும் பாலம் தாண்டும் நம் ஆட்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஒரு சனிக்கிழமை போய் வரலாம், நுழைவுக் கட்டணம் கிடையாது.

சரி, இன்றைக்கு என்ன செய்யலாம்? ஜொகூருக்கும் படைக்கும் உள்ள உறவு பழையது. 1886-ல் சுல்தான் அபு பக்கார் தொடங்கிய படையை இன்றும் தனியாக வைத்திருக்கும் ஒரே மாநிலம் இது. 2024 ஜனவரியிலிருந்து மாமன்னர் என்ற முறையில் ஆயுதப்படையின் உச்சத் தளபதி நம் சுல்தான் இப்ராஹிம். 2023 டிசம்பரில் பாதுகாப்பு அமைச்சரான முகமட் காலிட் நோர்டினும் முன்னாள் ஜொகூர் மந்திரி பெசார். கேட்பதற்கு வெகுதூரம் போகவேண்டியதில்லை.

ஜூலை 31 வீரர்கள் தினத்தில் ஃபெடரேஷன் ரெஜிமென்ட்டையும் தனபாலசிங்கத்தையும் பெயர் சொல்லி நினைவுகூரலாம். அதற்குச் சட்டத் திருத்தம் ஏதும் வேண்டாம். அதைவிட அவசரமானது வேறு. பையனின் அம்மாவுக்கு இருக்கும் கவலைகள் எனக்குத் தெரியும். சாப்பாடு எப்படி, தீபாவளிக்கு விடுப்பு உண்டா, பதவி உயர்வில் ஒரு கட்டத்துக்கு மேல் நம் பிள்ளையைத் தள்ளிவிடுவார்களா. முதல் இரண்டுக்கும் ஓய்வுபெற்ற வீரர் யாராவது ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லிவிடுவார். நம் ஊரிலேயே இருக்கிறார்கள், தேடிப் போய்க் கேட்க வேண்டும். மூன்றாவதற்கு அனுபவக் கதை போதாது. கணக்கு வேண்டும்.

மலாய்க்காரர் அல்லாதோர் ஏன் குறைவு என்று நாடாளுமன்றத்தில் கேள்வி வரும்போதெல்லாம் ஆர்வம் குறைவு, மனு வருவதில்லை என்று பதில் வருகிறது. நம் பக்கத்தில் போட்டாலும் எடுப்பதில்லை என்கிறார்கள். இரண்டு பேரும் தங்கள் வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கலாம். மொத்தத்தில் இத்தனை விழுக்காடு என்ற ஒற்றை எண்ணால் இது தீராது. எத்தனை இந்தியர் மனு போட்டார்கள், எத்தனை பேரை நேர்முகத்துக்கு அழைத்தார்கள், உடல் தகுதியில் எத்தனை பேர் விழுந்தார்கள், எத்தனை பேர் பயிற்சி முடித்தார்கள், பத்தாண்டு கழித்து எத்தனை பேர் எந்தத் தரத்தில் இருக்கிறார்கள். படைவாரியாக, ஆண்டுவாரியாக இந்த ஐந்து எண்களையும் எழுத்துப்பூர்வமாகக் கேட்கச் சொல்லி நம் தொகுதி எம்.பி.க்கு ஒரு கடிதம் எழுதலாம். மலாயில் எழுத வேண்டும், ஒரு பக்கம் போதும். பையனின் மனு போகிற அன்றைக்கே அதுவும் போகட்டும்.